முழு உருவப் படம்

பத்திரிகைகளில் என் கதை வரும்போது சில சமயம் பக்கத்தில் என் படத்தையும் போடுகிறார்கள். வாசகர்கள் பார்த்திருக்கலாம். அகன்ற நெற்றி, மூக்குக் கண்ணாடி, லேசாக நரைத்த மீசை. தோளோடு படம் முடிந்துவிடும். அதனால் என்னைப் பற்றிய ஒரு சங்கதி பல பேருக்குத் தெரியாது. என் உயரம் 3 அடி 11 அங்குலம்.

சென்ற வருஷம் கோயமுத்தூரிலிருந்து ஏலக்காய் வாங்கப் போடிநாயக்கனூருக்கு வந்த வாசகர் ஒருவர், விலாசம் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தவன் நான்தான். விளக்கு எனக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்ததால் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"தம்பி, அப்பா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"அப்பா காலமாகிப் பத்து வருஷமாச்சு. அவர் உங்களுக்கு ஏதாவது பாக்கி தரணுமா?" என்றேன்.

பாவம், மனுஷர் வெலவெலத்துப் போனார். காபி குடித்துத் தெளிந்த பிறகு, கிளம்பும் சமயத்தில், தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "இத்தனை கதை எழுதியிருக்கிறீர்களே, உங்களைப் போன்றவர்களைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை?"

"எங்களைப் பற்றி ஆயிரம் இரண்டாயிரம் வருஷமாக எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!" என்று சொல்லிச் சமாளித்தேன். வேடிக்கைக்குச் சொன்ன பதில்தான். ஆனால் அவர் போன பிறகு அது என்னை விடவில்லை. என்ன எழுதியிருக்கிறார்கள், எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை கணக்குப் பார்த்துவிடலாம் என்று தோன்றிற்று. குடும்பச் சரித்திரம் தெரியாதவன் கதை எழுதி என்ன பிரயோஜனம்?

எங்கள் வம்சத்தின் முதல் கதையை எனக்குச் சொன்னவள் என் அப்பத்தா. வாமனன் மாபலியிடம் மூன்றடி மண் கேட்டு வந்த கதை. இரண்டே அடியில் மண்ணையும் விண்ணையும் அளந்துவிட்டு, மூன்றாவது அடியை எங்கே வைக்கட்டும் என்று கேட்பானே, அந்த இடம் வரும்போது அப்பத்தா என் தலையில் கையை வைத்து, "நீயும் ஒரு நாளைக்கு அப்படி வளருவடா" என்பாள். எங்கள் வீட்டு நிலைக் கதவில் என் உயரத்துக்கு அவள் ஒரு கரிக்கோடு போட்டிருந்தாள். தினமும் காலையில் எழுந்ததும் அதில் போய் நின்று பார்ப்பேன். வாமனனாக இருப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. திரிவிக்கிரமனாகும் வித்தைதான் பிடிபடவில்லை.

பெரியவனான பிறகு காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தேன். ஒரு காலை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு பிரம்மாண்டமாக நிற்கிறார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபோது ஒரு குறும்பான எண்ணம் உண்டாயிற்று. நாம் கும்பிடுவது வளர்ந்துவிட்ட பெருமாளைத்தானே! குடையும் கமண்டலமுமாக வந்த அந்தக் குட்டைப் பிரம்மசாரி, கதையில் ஒரு வேஷம். காரியம் முடிந்ததும் கலைத்துவிட்டார். வேஷத்தைக் கலைக்க முடியாதவன் என்ன செய்வது?

சிவன் கோயிலுக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். நடராஜருடைய பாதத்தின் கீழே மிதிபட்டுக் கிடக்கிற முயலகன் குள்ளன். அவன் அஞ்ஞானத்தின் உருவம் என்கிறார்கள். பழைய கோயில்களில் கூரைக்குக் கீழே வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்களே பூதகணங்கள், தொப்பையும் குட்டைக் கால்களுமாக, சிலது கொட்டடித்துக்கொண்டு, சிலது கூரையையே தாங்குவது போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவையும் எங்கள் ஜாடைதான். ஒன்று காலுக்குக் கீழே, இல்லாவிட்டால் கூரைக்குக் கீழே. சரிசமமாக நிமிர்ந்து நின்றவர் என்று பார்த்தால் குறுமுனி அகத்தியர் ஒருவர்தான். விந்தியத்தை அடக்கினார், கடலைக் குடித்தார், தமிழுக்கு இலக்கணம் செய்தார் என்று எத்தனையோ கதைகள் உண்டு. எந்தக் கதையிலும் அவர் வளரவே இல்லை. இதற்காகவே எனக்கு அவரிடம் தனி மரியாதை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆறுதல் சொன்னவர் திருவள்ளுவர். அதாவது, அவர் பேரால் வாத்தியார்கள் சொன்னார்கள். உருவத்தைக் கண்டு இகழக் கூடாது, பெரிய தேருக்கும் சின்ன அச்சாணிதான் ஆதாரம் என்ற குறளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பும். 'குறள்' என்றாலே குறுகியது என்றும் குள்ளன் என்றும் பொருள் உண்டு என்று தமிழ் ஐயா விளக்கி, என்னைப் பார்த்து அன்போடு புன்னகை செய்வார். ஒன்றே முக்கால் அடிப் பாட்டை யாரும் எட்டடி இல்லையே என்று கேலி செய்வதில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்த வயதில் எனக்கு அச்சாணியாக இருப்பதில் ஆசையே இல்லை. தேரில் ஏறி உட்காரத்தான் ஆசை.

இவ்வளவு கதை சொன்ன அப்பத்தா இன்னொரு கதையும் வைத்திருந்தாள். அதை என்னிடம் சொல்லமாட்டாள். அம்மா காதில் விழும்படி மட்டும் சொல்லுவாள். 1980-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி சூரிய கிரகணம். கர்நாடகத்தில் முழு கிரகணம்; எங்கள் பக்கத்தில் சூரியனில் ஒரு பங்கு மறைந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். நான் அம்மா வயிற்றில் இருந்தேன். கொடியில் காய்ந்த துணியை எடுக்க அம்மா கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தாள். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்பத்தா சாகிறவரையில் அவளை மன்னிக்கவில்லை. அம்மாவும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, 1989-இல், 'அபூர்வ சகோதரர்கள்' படம் வந்தது. கமல்ஹாசன் குள்ளனாக, சர்க்கஸ்காரன் அப்புவாக நடித்த படம். அதுவரை எனக்கு ஊரில் ஏழெட்டுப் பட்டப்பெயர்கள் இருந்தன. படம் வந்த மறுவாரத்திலிருந்து எல்லாம் போய் 'அப்பு' ஒன்றே நிலைத்தது. அந்தப் படத்தை நான் குறை சொல்லமாட்டேன். குள்ளனுக்கும் காதல் வரும், கோபம் வரும், மூளை வேலை செய்யும் என்று ஊருக்குச் சொன்ன படம் அது. ஆனாலும் கமல்ஹாசன் எப்படிக் காலை மறைத்தார் என்று ஜனங்கள் வருஷக்கணக்காக ஆச்சரியப்பட்டார்களே தவிர, படத்தில் அப்புவுக்குச் சிநேகிதர்களாக வந்தார்களே நிஜமாகவே குட்டையானவர்கள், அவர்களுடைய பெயர் என்ன என்று எங்கள் ஊரில் ஒருவரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ தேனிக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. அப்பா என்னைக் கூட்டிப்போனார். இந்திய சர்க்கஸுக்குத் தாய்வீடு தலைச்சேரி. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற தேகப்பயிற்சி ஆசிரியர் 1901-இல் அங்கே சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளிக்கூடம் ஒன்று ஆரம்பித்தார். அவரிடமும் அவருடைய சிஷ்யர்களிடமும் பழகியவர்கள் தேசமெங்கும் கூடாரம் அடித்தார்கள். ஒவ்வொரு கூடாரத்திலும் இரண்டு மூன்று குள்ளக் கோமாளிகள் இருப்பார்கள். வேறு எங்கும் வேலை கிடைக்காதவர்களுக்கு அங்கே மூன்று வேளைச் சோறும் சம்பளமும் கிடைத்தன. நான் பார்த்த சர்க்கஸிலும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பலகையால் அடித்துக்கொண்டு விழுந்தார்கள். கூடாரம் அதிரும்படி ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களில் ஒருவர் பீடி குடித்துக்கொண்டு நின்றார். வேஷம் கலைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். என் தலைக்கு மேலே போகாத பார்வையோடு ஒரு பெரிய மனிதர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். கடையில் வாங்கின சட்டையின் கையை அம்மா மூன்று மடிப்பு மடித்து விட்டிருந்தாள்.

"மடிக்கண்டா, மோனே. வெட்டித் தைக்கச் சொல்லு" என்றார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. தைரியமாக இரு என்றோ, நன்றாகப் படி என்றோ சொல்லவில்லை. மறுநாளே அப்பா என்னைத் தையற்கடைக்கு அழைத்துப்போனார். எனக்கென்று அளவெடுத்துத் தைத்த முதல் சட்டை அதுதான். இந்த நாற்பத்தைந்து வயதில் என்னைக் கேட்டால், எனக்குக் கிடைத்த புத்திமதிகளிலெல்லாம் சிறந்தது அதுவே என்பேன்.

அப்பாவுக்கு ஏலக்காய்க் கடையில் சல்லடை வேலை. ஏலக்காய் வியாபாரத்தில் மணம், நிறம் எல்லாம் இருந்தாலும் பருமனுக்குத்தான் முதல் மரியாதை. ஏழு மில்லி, எட்டு மில்லி என்று சல்லடைக் கண்ணுக்குக் கணக்கு உண்டு. மேலே நிற்கிற காய்க்கு ஒரு விலை. கீழே விழுகிற காய்க்கு வேறு விலை. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கீழே விழும் காய்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிளஸ் டூவோடு என் படிப்பு நின்றது. 1997-இல் மலைக்கு வேலைக்குப் போனேன். விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு கிளம்பும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் ஏலத் தோட்டம். ஏலச்செடி இஞ்சியின் ஜாதி. தோகை ஆளை மறைக்கும் உயரத்துக்குப் போகும். ஆனால் காய் காய்ப்பது உச்சியில் அல்ல. அடித்தூரிலிருந்து சரம் கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படரும். ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, காய் மூன்றும் இருக்கும். முற்றின காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். மற்றவர்கள் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் இடுப்பொடிந்தார்கள். எனக்குக் குனிய வேண்டிய வேலையே அதிகம் இல்லை. சரிவில் ஏறுவதுதான் பிராண சங்கடம். பிறர் ஒரு எட்டில் தாண்டுகிற பாத்தியை நான் கையை ஊன்றி ஏறவேண்டும். அட்டைகளுக்கு மாத்திரம் உயர வித்தியாசம் கிடையாது.

முதல் நாள் சாயங்காலம் எடை போட்டார்கள். கங்காணி என் முகத்தைப் பார்க்கவில்லை. தராசைப் பார்த்தார். "பதினாலு கிலோ" என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். பக்கத்தில் என் பெயரை எழுதினார். அப்பு என்று அல்ல, என் பெயரை. அன்று முழுவதும் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய ஜீப்பில் திரும்பும்போது இருந்த சந்தோஷம், பிற்பாடு முதல் கதை அச்சில் வந்தபோதுகூட எனக்கு வரவில்லை.

மூன்று பருவம் போனேன். அதற்குள் முதுகெலும்பு மறுத்துவிட்டது. கால் மரத்துப் போகத் தொடங்கிற்று. எங்களைப் போன்ற உடம்பில் முதுகெலும்பின் உள்ளே நரம்புக்கு இருக்கும் இடம் குறுகல் என்று டாக்டர் சொன்னார். மலையை விட்டு நூலகத்துக்கு வந்தேன். அங்கேதான் எங்கள் முன்னோர்களை மறுபடியும் சந்தித்தேன்.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை எல்லோருக்கும் தெரியும். கண்ணகி சிலம்போடு வருவதற்கு முன்னால், பாண்டிமாதேவி கெட்ட கனாக் கண்டு அரசனிடம் சொல்லப் புறப்படுகிறாள். அப்போது அவளைச் சூழ்ந்துகொண்டு போகிற ஏவலாளர்களைப் பற்றி இளங்கோவடிகள் சொல்லுகிறார். கூனர், குறளர், ஊமைகள். அந்தப்புரத்து வேலைக்கு அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்வது ராஜாக்களின் வழக்கம். அழகான ராணியின் பக்கத்தில் அவர்கள் நின்றால் ராணியின் அழகு இன்னும் எடுத்துக் காட்டும் என்பது ஒரு கணக்காக இருந்திருக்கலாம். அரண்மனை ரகசியத்தை வெளியே கொண்டுபோக ஆள் இல்லாதவர்கள் என்பது இன்னொரு கணக்காக இருந்திருக்கலாம். பிறகு மதுரை எரிகிறது. கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறுகிறாள். எங்கள் மலைத்தொடரில், கூடலூருக்கு மேலே மங்கலதேவி கோட்டத்தில் சித்திரா பௌர்ணமிக்கு ஜனங்கள் இன்றும் அவளைக் கும்பிடப் போகிறார்கள். ராணியோடு போன அந்தக் குறளர்கள் எங்கே போனார்கள்? காவியத்தில் அவர்களுக்கு அந்த ஒரு நடைதான். பெயரும் இல்லை.

இது நம் ராஜாக்களுடைய தனிச்சொத்து அல்ல. ஸ்பெயின் தேசத்து நான்காம் பிலிப் அரசனுடைய சபையிலும் குள்ளர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே வெலாஸ்க்வெஸ் என்ற சித்திரக்காரன் இருந்தான். செபாஸ்டியான் தே மோரா என்ற அரண்மனைக் குள்ளனை அவன் சுமார் 1645-இல் தீட்டிய படம் மாட்ரிட் நகரத்துப் பிராடோ காட்சிசாலையில் இருக்கிறது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கையை மூடி இடுப்பில் ஊன்றியபடி, பார்ப்பவனை நேருக்கு நேர் பார்க்கிறான் மோரா. வேடிக்கை பார்க்க வந்தவன்தான் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அதற்கும் நாலாயிரம் வருஷங்களுக்கு முன்னால் எகிப்தில் செனெப் என்ற குள்ளர் பெரிய உத்தியோகஸ்தராக, கோயில் பூசாரியாக வாழ்ந்தார். கீசாவில் அவர் கல்லறையில் கிடைத்த சிலையில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். சாதாரண உயரமுள்ள அவர் மனைவி பக்கத்தில் அமர்ந்து அவரை அணைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றவர்களுக்குக் கால் தொங்குகிற இடத்தில் அவருடைய இரண்டு குழந்தைகள் நிற்கிறார்கள். அந்தச் சிற்பி எந்தக் குறையையும் மறைக்கவில்லை, குறையாகவும் காட்டவில்லை.

நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையா என்று ஏக்கமாக இருந்தது. அப்போதுதான் கலித்தொகை அகப்பட்டது. நூலகத்தில் அது மேல் தட்டில் இருந்தது. முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை அதை 1887-இல் அச்சேற்றினார். இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தின் ஒரே காதல் கதையைச் செல் அரித்திருக்கும்.

மருதக்கலியில் 94-ஆவது பாட்டு. அரண்மனையில் வேலை செய்கிற கூனி ஒருத்தி, குறளன் ஒருவன். வழியில் அவளை நிறுத்தித் தன் ஆசையைச் சொல்லுகிறான் அவன். அவள் அவனுடைய குட்டை உருவத்தை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். ஆமையைத் தூக்கி நிமிர்த்தி வைத்தது மாதிரி கையை வீசிக்கொண்டு நடக்கிறாயே என்கிறாள். அவனும் சளைக்கவில்லை, அவள் முதுகைப் பற்றிப் பதிலுக்குப் பதில் கொடுக்கிறான். ஊர் அவர்களைச் சொன்னதையெல்லாம் அவர்கள் ஒருவரை ஒருவர் சொல்லித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. தீர்ந்தவுடன் கோபம் தணிகிறது. கேலி வாஞ்சையாகிறது. ஆனால் அணைத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு யோசனை வருகிறது. இங்கே வேண்டாம், அரண்மனையில் கண்டவர்கள் சிரிப்பார்கள், சோலைக்குப் போவோம் என்று.

இதை ஒரு நகைச்சுவைப் பாட்டு என்பார்கள். ஏவல் செய்பவர்களின் காதலை ஐந்திணைக்குள் சேர்க்காமல், கைக்கிளை, பெருந்திணை என்று புறத்தே நிறுத்தினார்கள் இலக்கணக்காரர்கள். காதலில்கூட எங்களுக்கு வாசற்படிக்கு வெளியேதான் இடம். நான் மட்டும் அந்த நூலகத்தில், அந்த முக்காலி மேலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த இரண்டு பேரும் வளரவில்லை, நிமிரவில்லை, அச்சாணியாகவும் ஆகவில்லை. பார்க்கிறவர்கள் இல்லாத இடத்துக்கு நடந்து போனார்கள். எனக்கு அந்தச் சோலை எது என்று தெரியும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோகைக்குக் கீழே, தராசைப் பார்த்து ஒரு மனிதர் என் பெயரை எழுதினாரே, அந்த இடம்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். குட்டை உருவத்துக்கு நூற்றுக்கணக்கான காரணங்கள் உண்டு. அதிகமாகக் காணப்படுவது, எனக்கும் உள்ளது, அகான்டிரோபிளேசியா. எலும்பு மிதமிஞ்சி வளராதபடி பிரேக் போடுகிற ஒரு மரபணு எல்லோருக்கும் இருக்கிறது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறிவிட்டால் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்கிறது. 1994-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப் பிறப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் எண்பது பேருடைய தாய் தகப்பன் சாதாரண உயரக்காரர்கள். அப்படிப்பட்டவர்களில் அந்த எழுத்து மாறுவது அநேகமாகத் தகப்பனுடைய உயிரணுவில். அதாவது கரு உண்டாவதற்கே முன்னால். பாவமும் இல்லை, சாபமும் இல்லை, யாருடைய தப்பும் இல்லை.

2004-இல் மதுரையில் ஒரு டாக்டர் இதை எனக்குப் படம் போட்டு விளக்கினார். அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் அன்னைக்குத் துணி எடுக்கப் போனதுனால இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. கிரகணத்துக்கு ரொம்ப நாள் முன்னாடியே முடிஞ்சுபோன விஷயம்."

முறத்தைக் கீழே வைத்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அப்பத்தாகிட்ட இதை யாருடா போய்ச் சொல்றது?" என்றாள். அப்பத்தா போய் எட்டு வருஷமாகியிருந்தது.

இப்பொழுது குழந்தைகளுக்குத் தினம் ஒரு ஊசி வந்திருக்கிறது. 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை அனுமதித்தார்கள். எலும்பு வளர்ச்சியைக் கொஞ்சம் கூட்டுகிறது. குட்டையானவர்களுக்குள்ளேயே அதைப் பற்றி இரண்டு அபிப்பிராயம். உங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் போட்டுக்கொண்டிருப்பீர்களா என்று என்னைக் கேட்டார்கள். ஒன்பது வயதில் கேட்டிருந்தால் கையை நீட்டியிருப்பேன். இன்றைக்குக் கேட்டால், பஸ் படியில் ஏறும்போது வேண்டும் என்பேன். எழுத உட்கார்ந்துவிட்டால் அந்த நினைவே வருவதில்லை.

சட்டமும் எங்களைக் கவனிக்க வெகுகாலம் ஆயிற்று. ஊனமுற்றோருக்கான 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஏழு வகை சொல்லியிருந்தார்கள். குள்ள உருவம் அதில் தனியாக இல்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கிலும் எங்களுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம்தான் வகையை 21 ஆக்கி, 147 சென்டிமீட்டர், அதாவது 4 அடி 10 அங்குலம், அதற்கு மேல் வளராத பெரியவர்களை அதில் சேர்த்தது. சர்க்கார் உத்தியோக ஒதுக்கீட்டில் எங்களுக்கும் பங்கு வந்தது. சான்றிதழுக்காக என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள். 119 சென்டிமீட்டர். அப்பாவின் சல்லடை ஞாபகத்துக்கு வந்தது. வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தடவை கீழே விழுந்ததற்கு மரியாதையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

சட்டத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். பிரான்ஸில் ஒரு வழக்கு நடந்தது. மானுவேல் வாக்கென்ஹைம் என்ற குள்ளருக்கு ஒரு விசித்திரமான தொழில். பாதுகாப்புக் கவசம் போட்டுக்கொண்டு கேளிக்கை விடுதியில் நிற்பார். வாடிக்கைக்காரர்கள் அவரைத் தூக்கி மெத்தை மேல் எறிவார்கள். 1991-இல் ஓர் ஊர் மேயர் இதைத் தடை செய்தார். தடையை எதிர்த்து வழக்குப் போட்டவர் வேறு யாரும் இல்லை, வாக்கென்ஹைமேதான். எனக்கு வேறு வேலை கிடைப்பதில்லை, வேலை இருப்பதும் மனித கௌரவம்தானே என்றார் அவர். 1995 அக்டோபரில் பிரான்ஸின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம், மனித கௌரவத்துக்கு இது விரோதம் என்று தடையை உறுதி செய்தது. 2002-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவும் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. நீதிமன்றம் சொன்னது நியாயம். அவர் சொன்னதும் பொய் அல்ல. நம் ஊரில் சர்க்கஸ்கள் ஒவ்வொன்றாகக் கூடாரத்தைச் சுருட்டியபோது எனக்கு அந்த மனிதர் ஞாபகம்தான் வந்தது. வேடிக்கை நின்றது நல்லதுதான். பீடி குடித்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் பிறகு எங்கே போனார்?

2024 செப்டம்பர் 2-ஆம் தேதி, பாரிஸில் பாராலிம்பிக் போட்டியில் ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ சிவன் இறகுப்பந்தில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். குட்டை உருவக்காரர்களுக்கென்று எஸ்.எச். 6 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2021-இல் டோக்கியோவில்தான் அது பாராலிம்பிக்கில் முதலில் சேர்ந்தது. அப்போது ஆண்களில் தங்கம் வாங்கியவர் ஜெய்ப்பூர்க் கிருஷ்ணா நாகர். நித்யஸ்ரீயின் ஆட்டத்தை நான் போடியில் என் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு பந்தை ஓடிப்போய் எடுத்தபோது, அடுத்த வீட்டு அம்மாள், "ஐயோ, கோட்டுக்கு வெளிய விட்டுருக்கலாமே!" என்று அங்கலாய்த்தாள்.

நான் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் பந்தின் மேல்தான் இருந்தது. ராஜாவின் சபையிலும் பார்த்தார்கள், சர்க்கஸிலும் பார்த்தார்கள், சினிமாவிலும் பார்த்தார்கள். இதுவும் பார்க்கிற கூட்டம்தான். ஆனால் இவர்கள் கோட்டைப் பார்க்கிறார்கள், பந்தைப் பார்க்கிறார்கள். ஆட்டத்தில் தப்புச் சொல்லுகிறார்கள். அரண்மனைக்குப் பயந்து சோலைக்கு ஓட வேண்டியதில்லை என்கிற காலம் ஒரு நாள் வந்தால், அது அந்த அம்மாளின் அங்கலாய்ப்பு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோயமுத்தூர் வாசகருக்கு என் பதில் இவ்வளவுதான். எங்களைப் பற்றி நிறையத்தான் எழுதியிருக்கிறார்கள். பெயரை எழுதத்தான் மறந்துவிட்டார்கள்.

இந்தக் கட்டுரையோடு புதிதாக எடுத்த படம் ஒன்றை ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டு நிலைக் கதவில் சாய்ந்துகொண்டு நிற்கிறேன். பழைய கரிக்கோடு என் தோள் பக்கத்தில் தெரிகிறது. சட்டை, கை வெட்டித் தைத்தது. இந்த முறை தோளோடு வெட்டிவிடாமல் முழு உருவத்தையும் போடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அதிக இடம் பிடிக்காது.